தெருக்கோடித் தொட்டி

18-12-2023, திங்கள்

மழை விட்டதும், நான் சொல்லிக் கட்டவைத்த தெருக்கோடித் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். எங்கள் தெரு முழுக்கக் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் முதல் தொட்டியில் கறுப்பாக விழுகிறது. இரண்டாவதில் ஜல்லி, அதன்மேல் கல்வாழை. மூன்றாவதில் என் மோதிரம் விழுந்தால் குனிந்து எடுத்துவிடலாம், அவ்வளவு தெளிவு. மோட்டார் இல்லை, மருந்து இல்லை. "கல்லுல ஒட்டியிருக்கிற கிருமிங்கதாங்க அழுக்கைத் தின்னுது" என்றார் அதைக் கட்டிய இன்ஜினியர் ஜெயசீலன். கண்ணுக்கே தெரியாத ஒன்று நம் எச்சிலைத் தின்றுவிட்டுத் தண்ணீரைத் திருப்பித் தருகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வார்டு மெம்பரான எனக்கு இப்படிச் சிலிர்ப்பதெல்லாம் ஆகுமா, தெரியவில்லை.

நாத்தனார் சாந்தாவுக்குத் தொட்டியே பிடிக்கவில்லை. அது அவள் வீட்டுக்கு எதிரே. "ஊர்ச் சாக்கடையக் கொண்டாந்து என் வாசல்ல கட்டிட்டா ஒன் பொண்டாட்டி" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். தொட்டி கட்டிய ஆடியிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. நாற்றம் வந்தால் குடியரசு தினக் கிராம சபையில் தொட்டியை மூடச் சொல்வாளாம்.

31-12-2023

நாறவில்லை. அவளும் பேசவில்லை.

14-1-2024, போகி

வீடு கழுவி, வாசல் கழுவி, பெண்கள் எல்லோரும் தெருக்கோடி வரை வந்துவிட்டோம். ரத்தினம்மாள், "இதையும் சுத்தம் பண்ணிருவோம்" என்று ஒரு வாளி பிளீச்சிங் பவுடரைத் தொட்டியில் கொட்டினாள். நானும் அள்ளிப் போட்டேன். நல்ல நாள், எல்லாம் பளிச்சென்று இருக்கட்டுமே.

17-1-2024, காணும் பொங்கல்

தொட்டி நாற்றம் தெரு முழுக்க அடிக்கிறது. சாந்தா வீட்டுக்கு அரியலூரிலிருந்து வந்த சம்பந்திகள் கை நனைக்காமலே கிளம்பிவிட்டார்கள். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஜெயசீலன் சாரைப் போனில் பிடித்தேன். பவுடர் போட்டதைச் சொன்னேன். "கொன்னுட்டீங்களேம்மா" என்றார். அப்போதுதான் உறைத்தது. சுத்தம் செய்கிறோம் என்று, சுத்தம் செய்துகொண்டிருந்ததையே சாகடித்திருக்கிறோம். சாணியைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார், அதில் உயிர் இருக்கிறதாம். நாற்றத்துக்கு மருந்து சாணியா? தெருவே சிரித்தது. ஆனாலும் மாடு வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு கூடை கொண்டுவந்தார்கள். சாந்தா வீட்டில் மூன்று மாடு. கதவு திறக்கவில்லை.

20-1-2024

நாற்றம்.

25-1-2024, வியாழன்

நேற்றே குறைந்தது. இன்று குனிந்து மோந்து பார்த்தேன், மண் வாசனை மட்டும். ஜல்லி மேல் வழவழவென்று மெல்லிய பாசிபோல ஒன்று படிந்திருக்கிறது. இவைதான் அந்தக் கிருமிகளா? யாரும் கூப்பிடாமல், கூலி கேட்காமல், பெருகி வந்து வேலையைத் தொடங்கிவிட்டன. கோயிலில்கூட இப்படிக் கைகூப்பி நின்றதில்லை நான். யாராவது பார்த்திருந்தால் மெம்பருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள்.

26-1-2024

கிராம சபையில் சாந்தா தொட்டியை மூடச் சொன்னாள். ஊரே என்னைப் பார்த்தது. நான் எழுந்து நடந்ததை நடந்தபடி சொல்லி, பங்குனி வரை அவகாசம் கேட்டேன். கொடுத்தார்கள். அவள் கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

9-3-2024, சனி

வெயில் ஏறிவிட்டது. கிணறுகள் அடியில் கிடக்கின்றன. மூன்றாவது தொட்டியில் மட்டும் தண்ணீர் தளும்புகிறது. அதற்கு இன்று காலை பஞ்சாயத்து. தர்மன் தன் சோளத்துக்குக் கேட்கிறார், ரத்தினம்மாள் தென்னைக்குக் கேட்கிறாள். நம் தெருவின் அழுக்குத் தண்ணீருக்கு முறை போட்டுச் சண்டை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாந்தா வந்தாள். மண்வெட்டி தோளில். நேரே என் முன்னால் நின்றாள்.

"என் வாசலத் தாண்டித்தான அண்ணி போவுது. மொத மொறை எனக்குத்தான்."