ஞாயிற்றுக்கிழமைக்கு யார் போவது

அக்கா,

இன்று காலை அந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. மூடியை எடுத்ததுமே மெழுகும் புற்றுமண்ணும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது. ஒரு ஓரத்தில் மாதாவுக்கு ஏற்ற நீங்கள் வாங்கி வைத்த மெழுகுவர்த்திகள். இன்னொரு ஓரத்தில் நம்ம கோமதியம்மன் கோயிலில் வாங்கி, நெற்றியில் இடுவதற்குக் காகிதத்தில் மடித்து நான் வைத்த புற்றுமண். ஆஸ்பத்திரி டூட்டி ரூமில் இத்தனை வருஷம் இரண்டும் ஒன்றாகக் கிடந்ததில் எந்த வாசம் எதனுடையது என்றே தெரியவில்லை. போன வாரம் அந்த அறைக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி பண்ணச் சொன்னார்கள். குப்பையில் போட மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கே அதிசயமாக இருக்கிறது. இந்நேரம் வார்டில் இருந்தால் என்ன பாடு பட்டுக்கொண்டிருப்பேன், சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் லீவு, நமக்கு ரெட்டை வேலை. பாதி நர்ஸ் பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கும். சிவகிரியிலிருந்தும் பனவடலியிலிருந்தும் நோயாளியைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடா வருகிறார்கள்? பிரியாணிப் பொட்டலத்தைக் கட்டில் மேலேயே பிரித்து வைத்துச் சாப்பிட்டுவிட்டு, எலும்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். நான் துடைத்த ஈரம் காய்வதற்குள் அடுத்த கூட்டம் செருப்போடு ஏறிவரும். பெட்பேன் எடுத்து, படுக்கை மாற்றி, எழுந்திருக்க முடியாதவர்களைத் தூக்கி உட்கார வைத்து, பொழுது சாயும்போது என் முட்டு இரண்டும் பணியாரமாக வீங்கியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் விரும்பித்தானே எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு மாதா கோயிலில் பூசை பார்க்க வேண்டும். எனக்கு வெள்ளிக்கிழமை அம்மனைப் பார்க்க வேண்டும். உங்கள் ஞாயிற்றை நான் பார்ப்பது, என் வெள்ளியை நீங்கள் பார்ப்பது. ஆபீசில் யாரையும் கேட்கவில்லை. நாம் இரண்டு ஆயாக்களும் டீ குடிக்கும்போது பேசி முடித்தது. ஆனால் நீங்கள் அதோடு விட்டீர்களா? லீவில் போகிறவள் சும்மா போகக் கூடாது, வார்டில் யாருக்கு ரொம்ப முடியவில்லையோ அவர்களையெல்லாம் அவளுடைய சாமியிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றீர்கள். வியாழக்கிழமை சாயந்திரம் நீங்கள் எனக்குச் சொல்லி அனுப்புவீர்கள். சனிக்கிழமை நான் உங்களுக்குச் சொல்லி அனுப்புவேன்.

முதலில் கட்டில் நம்பரைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம். நமக்கு எல்லாரும் நம்பர்தான். ஒரு வெள்ளிக்கிழமை, மூணாம் பெட்டுக் கிழவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அம்மனிடம் அழுது வேண்டிவிட்டு வந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் கிழவியை அஞ்சாம் பெட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். மூணாம் பெட்டில் வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்தவர், கஞ்சிக்குப் பதிலாக இட்லி கேட்டு நர்சோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏட்டி, ஒங்க அம்மன் என்ன, வார்டு ரவுண்ட்சா வாரா? இனிமே பேரக் கேட்டுக்கிட்டுப் போ" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் நாம் நோயாளிகளைப் பேர் கேட்டுப் பழகினோம்.

ஒரு வருஷம், அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிற ஆடித்தபசு ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. நம் கணக்கில் அது என் டூட்டி. ஊரே தபசு பார்க்கப் போகிறது, நான் வார்டில் நிற்கிறேன். கேட்டால் நீங்கள் பூசையை விட்டுவிடுவீர்கள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. நீங்களோ பூசை முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் பட்டுச்சேலையோடு நேராக வார்டுக்கு வந்து என் கையிலிருந்த மாப்பைப் பிடுங்கினீர்கள்.

"போயிட்டு வாட்டி. அங்கன ஒருத்தி ஒத்தக்கால்ல நிக்கா, நீ இங்கன வாளியும் கையுமா நிக்கே."

பட்டுச்சேலை பாழாகிவிடும் என்றேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே சொன்னீர்கள்: "ஒங்க அம்மனாவது வருஷத்துக்கு ஒரு தடவைதான் தவம் நிக்கா. நம்மள வருஷம் பூராவும்லா நிக்க வச்சிருக்காவ."

கூட்டத்தில் நின்று தபசுக்காட்சி பார்க்கும்போதும் அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மனிடம் அதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வயிற்றில் கட்டி என்று உங்களைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் பஸ் ஏறி உங்களைப் பார்க்க வந்தேன். எத்தனை பேருக்குப் படுக்கை விரித்தவர்கள் நீங்கள், அங்கே படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது உங்களுக்கு.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா கோயிலுக்குப் போகாம இங்கன என்னட்டி சோலி?"

அடுத்து வார்டைப் பற்றிக் கேட்டீர்கள். யார் இருக்கிறார்கள், யார் வீட்டுக்குப் போனார்கள், யாருக்கு மோசம், எல்லாம் பேர் பேராகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

"என் பேரையும் சேத்துக்கோ. இங்கன தெனமும் பெட்ட மாத்துதாவ" என்றீர்கள். அப்புறம், "வெள்ளிக்கு நீ இருக்கே. ஞாயித்துக்கெழமைக்கு யாரு போறா?" என்று கேட்டீர்கள்.

ஹார்லிக்ஸ் ஆற்றித் தருகிறேன் என்று எழுந்துகொண்டேன். அதற்குப் பிறகு உங்களைக் கல்லறைத் தோட்டத்தில்தான் பார்த்தேன்.

நீங்கள் போன பிறகு மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. வெள்ளியும் எனக்கு டூட்டி, ஞாயிறும் டூட்டி. கொடுக்கிற நாளில் லீவு எடுத்துக்கொண்டேன். அலுப்பு என்றால் அப்படி ஒரு அலுப்பு. போன வாரம் மேனேஜர் தம்பி கூப்பிட்டு, இனிமேல் லீவு நிலையாக ஒரே நாள்தான் என்றது. "வெள்ளியா, ஞாயிறா, ஒண்ணச் சொல்லுங்கம்மா. அப்புறம் மாத்த முடியாது."

வாய் வரை வந்தது வெள்ளி. அது என் நாள். வீட்டிலோ எல்லாரும் ஞாயிறு, ஞாயிறு என்று பிடித்துக்கொண்டார்கள். ராஜபாளையத்திலிருந்து மகள் போனில், "எம்மா, நாங்க வாரதே ஞாயித்துக்கெழமதான். அன்னைக்கும் நீ இல்லன்னா நாங்க யாரப் பாக்க வாரோம்?" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நான் இரண்டு ராத்திரி புரண்டு படுத்தது அதற்காக இல்லை. நீங்கள் கேட்ட கேள்வி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை டூட்டிக்கு முந்தி, நடை திறந்த உடனே போய் அம்மன் முன்னால் நின்றேன். இனிமேல் இப்படி அவசரமாகத்தான் வந்துபோக முடியும், பொறுத்துக்கொள் தாயி என்றேன். அவளும் யாருக்கோ காத்துக்கொண்டு நின்றவள்தானே, புரிந்திருக்கும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் மேனேஜரிடம் ஞாயிறு என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஒரே சந்தோஷம். கறி எடுக்க வேண்டும் என்று மருமகள் அப்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். தங்களுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்று காலை டப்பாவிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு உங்கள் கோயிலுக்குப் போனேன், அக்கா. மாதா முன்னால் ஏற்றிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நெற்றியில் புற்றுமண் இருந்தது வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அழிக்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்கள். என்ன பாட்டு, எப்போது எழுந்திருக்க வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன்.

நடுவில் மணி அடித்தது. எல்லாரும் முட்டி போட்டார்கள். நானும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். முட்டு மடங்கவில்லை. அத்தனை பேரும் கீழே இருக்க நான் ஒருத்தி மட்டும் நின்றேன். வார்டில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொன்னேன். கடைசியில் உங்கள் பேர். சொல்லி முடிப்பதற்குள் இடது முட்டு விண்ணென்று தெறித்தது. அந்தக் காலை லேசாகத் தூக்கிக்கொண்டு, பாரத்தை எல்லாம் மற்ற காலில் போட்டுக்கொண்டேன்.

அப்படியே ஒத்தக்காலில் நின்றேன், அக்கா, அவர்கள் எழுந்திருக்கும் வரைக்கும். நீங்கள் இருந்திருந்தால் பூசை என்றும் பார்க்காமல் சிரித்திருப்பீர்கள்.