வெள்ளி அணியாத வீடு

மல்வேர்ன்,
05.10.2023, வியாழன்

அன்பு நண்பர் இக்னேசியஸ் அவர்களுக்கு,

நலம். உம் இல்லத்தார் நலத்தை விரும்புகிறேன். ‘செப்ரெம்பர் கடைசி’ என்று மட்டும் குறித்து நீர் எழுதிய கடிதம் கிடைத்தது. அது எந்தக் கடைசி என்பதைத் தபால் முத்திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

உம் மனைவி ஜெயமலரின் பாட்டனுடைய பாட்டன் சவிரிமுத்து குறித்து நீர் கேட்டதை ஏற்கிறேன். 1836இல் கடலுக்கு அக்கரையில் இருந்த கும்பினியார் நாணயச்சாலையில் வெள்ளித்தூள் களவுபோனதற்காக நடந்த விசாரணையில், குற்றமற்ற அவருக்குத் தலை மழிக்கப்பட்டது என்பது உங்கள் வீட்டுக் கதை. அந்த அநியாயத்தின் நினைவாக அவர் வழியில் எவரும் வெள்ளி அணிவதில்லை. உம் மகள் யூஜினி தன் கலியாணத்தில் வெள்ளி மோதிரம் மாற்றியதால், பெற்ற தாய் பதினொரு ஆண்டாக மகளின் முகம் பார்க்கவில்லை. கதை பிழையென்று காட்டினால் அவர் மனம் இளகும் என்று நம்புகிறீர். விசாரணைப் பிரதிகளை இலண்டனிலிருந்து வரவழைக்கிறேன். ஆனால், சரிபார்க்காத எதையும் எழுதித் தர மாட்டேன்.

அன்புடன்,
சி. நவரட்ணம்

அஜக்ஸ்,
28.11.2023

அன்பின் நவம்,

இம்முறை திகதி போட்டிருக்கிறேன், ஏசாதீர்.

ஜெயமலருக்கு இனி மருந்து வேலை செய்யாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். யூஜினி ஞாயிறு தோறும் ஆஸ்பத்திரிப் பார்க்கிங் வரை வந்து, காருக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகிறாள். “அம்மா கூப்பிட்டால் ஒரு நிமிசத்திலை மேலை வருவன் அப்பா” என்கிறாள். மேலே கட்டிலில் ஜெயமலரோ, “அந்த மனுசன்ரை தலையை வழிச்சு வாசலிலை இருத்தினவங்கள். அதை மறந்து வெள்ளி போட்டவளை நான் என்னெண்டு பாக்கிறது?” என்கிறாள். நேற்றுத்தான் கொஞ்சம் இறங்கினாள்: “கதை பிழையெண்டு நவம் அண்ணை எழுதட்டும். அவர் பிழையா எழுத மாட்டார். அப்ப பாப்பம்.”

ஏதாவது அகப்பட்டதா? அரைகுறையானாலும் எழுதும்.

உம்
இக்னேசியஸ்

மல்வேர்ன்,
02.12.2023, சனி

அன்பு நண்பரே,

ஜெயமலரின் நிலை அறிந்து மிகவும் வருந்தினேன். பிரதிகள் வந்துவிட்டன. ஆனால், முதன்மைச் சாட்சி சத்தியம் செய்த நாள் ஒன்றில் ஜூன் 17 என்றும், மற்றதில் ஜூன் 18 என்றும் இருக்கிறது. மூன்றாம் பிரதிக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசுவது முறையன்று. அவர் என் எழுத்தை நம்புவதாகச் சொன்னது என் பொறுப்பைக் கூட்டுகிறது. பொறுத்தருள்க.

அன்புடன்,
சி. நவரட்ணம்

மல்வேர்ன்,
18.01.2024, வியாழன்

அன்பு நண்பரே,

மூன்றாம் பிரதி நேற்று வந்தது. ஜூன் 18 தான் சரி. 17 என்பது எழுத்தரின் கைப்பிழை.

இனி ஐயமின்றி எழுதலாம். வெள்ளி உருக்குவோர் தலையில் எண்ணெய் வடிய வேலைக்குப் போவார்கள். பறக்கும் தூள் முடியில் ஒட்டும். வீட்டில் தலையைக் கழுவி, தண்ணீரின் அடியில் தங்குவதை எடுத்துக்கொள்வார்கள். விசாரணையில் மழிக்கப்பட்ட தலை சவிரிமுத்துவுடையது அன்று; அவருடைய தம்பி சந்தியாப்பிள்ளையுடையது. தம்பிக்கு எதிராகச் சத்தியம் செய்தவர் சவிரிமுத்து. எண்ணெய் வைக்கப் பழக்கியதே அண்ணன்தான் என்று தம்பி கதறியதும் பதிவாகியுள்ளது, எவரும் பொருட்படுத்தவில்லை. தம்பி சிறையில் இறந்தார். அண்ணனுக்கு நாணயச்சாலை வெள்ளிக் கிண்ணமொன்று பரிசளித்தது. பெற்றுக்கொண்டார்.

எனவே, உங்கள் வீட்டுக் கதைக்கு ஆதாரமில்லை. முதற் பிரதியைப் படித்த 14.11.2023 அன்றே இதை அறிந்தேன், இன்று உறுதியாயிற்று. ஜெயமலருக்கு வாசித்துக் காட்டலாம்.

அன்புடன்,
சி. நவரட்ணம்

அஜக்ஸ்

நவரட்ணம் அவர்களுக்கு,

ஜெயமலர் 19ஆம் திகதி விடிய காலமானாள். உமது கடிதம் திங்கட்கிழமை வந்தது. வீடு நிறையச் சனம். அடக்கம் முடிந்த பிறகே பிரித்தேன்.

நவம்பர் 14. நான் உம்மிடம் அரைகுறையையாவது கேட்டது நவம்பர் 28. அதற்குப் பிறகும் அவள் ஏழு கிழமை நினைவோடு இருந்தாள். பின்னேரங்களில், “நவம் அண்ணை எழுதினவரே?” என்று கேட்பாள். “இன்னும் இல்லை, திகதி பாக்கிறாராம்” என்பேன். கடைசியாகக் கேட்ட அன்று, “அப்ப கதை சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய உடலை வைத்திருந்த பார்லருக்கு வந்து என் கையைப் பிடித்தீர். அந்த நேரம் யூஜினி வாசலில் நின்று மோதிரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். அதன் பிறகுதான் தாய்க்குக் கிட்டப் போனாள். எல்லாம் தெரிந்துகொண்டு நீர் பக்கத்தில் நின்றீர்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இக்னேசியஸ்