சத்தம் வராத வால்வு

மே 6, புதன்

அக்னி வெயில். காலையிலேயே சீட் சுடுகிறது. கார் நின்ற இடத்தில் மறுபடி ஆயில் சொட்டு. ஆயில் கசியாமல் இருக்க சீல் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வண்டி நிற்கும்போது இன்ஜின் நடுக்கம், விசில் மாதிரி ஒரு சத்தம் வேறு.

இன்று என் நாள். இரட்டைப்படைத் தேதி எனக்கு, ஒற்றைப்படை அண்ணனுக்கு. வாடகைக்கு ஓட்ட இரண்டு பேரும் சேர்ந்து கார் வாங்கியபோது பேசி வைத்தது.

டயருக்குக் காற்று. கண்ணாடி துடைக்க. அண்ணனிடம் ஆயில் பற்றிக் கேட்கக் கூடாது.

கேட்டேன்.

"ஒன் நாள்லதான்டா குறையுது. வண்டிய மிதிச்சே கொல்றவன் நீதான்."

டம்ளரைச் சுவரில் எறிந்தேன். அண்ணி: "எறியிறது ஒண்ணுதான் ஒங்க வீட்டு ஆளுகளுக்கு வரும்."

மே 7, வியாழன்

அண்ணன் நாள். அவன் எங்கே ஆயில் ஊற்றப் போகிறான். அவன் எழும் முன் நானே ஊற்றினேன். சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

சாயங்காலம் வந்ததும் என் பைக்கை எட்டி உதைத்துக் கீழே தள்ளினான். வழியெல்லாம் நீலப் புகையாம். வல்லத்திராக்கோட்டையில் சவாரி பாதியிலேயே இறங்கிவிட்டதாம்.

"பெட்ரோல்ல மண்ணெண்ணெயக் கலந்து ஊத்துனியாடா?"

சட்டையைப் பிடித்தேன். கிழிந்தது. பக்கத்து வீட்டார் பிரித்துவிட்டார்கள். அவனைக் கொல்ல வேண்டும் போல இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன். இல்லை.

மே 8, வெள்ளி

இன்று என் நாள். எழுத்து கோணல்.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு. பானெட்டுக்குள் டப் என்று சத்தம். ஆயில் அளக்கும் ஸ்டிக் துள்ளி வெளியே வந்து, சூடான சைலன்சர் குழாய் மேல் ஆயில் பீய்ச்சியது. ஒரே புகை. வண்டியில் இருந்தவர்கள் கதவைத் திறந்து ஓடினார்கள். டீக்கடைக்காரர் மண்ணை வாரிப் போட்டார்.

யாரோ போன் செய்ய, அண்ணன் வந்தான்.

"காலையில நான்தான்டா ஊத்துனேன். நீ ஊத்த மாட்டேன்னு தெரியும்."

"நேத்தே நான் ஊத்திட்டேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அறைந்தான். என் கையில் ஜாக்கியின் இரும்பு லிவர். நான் ஓங்கியதைத் தடுக்க வலது கையைத் தூக்கினான். அதன் மேலேயே போட்டேன். முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். "ஆத்தா" என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

என் அண்ணன்.

மே 9, சனி

மெக்கானிக் சேவியர் ஆவூரிலிருந்து வந்தார். இன்ஜின் மேல் மூடியிலிருந்து கட்டைவிரல் அளவு வால்வு ஒன்றைக் கழற்றிக் காதருகே ஆட்டினார்.

"ஆட்டுனா கலகலன்னு கேக்கணும். கசடு ஏறி அடைச்சுக் கெடக்கு. இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவி இது வழியாத்தான் திரும்பப் போயி எரியணும். வழி இல்லைன்னா பிரஷர் ஏறி ஆயிலத் தள்ளும், சீலத் தள்ளும், கடைசியில ஸ்டிக்கையே தூக்கி எறியும். இதுல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊத்தி அளவுக்கு மேல நிரப்பிட்டீங்க."

"சீல் மாத்தும்போது இத ஏன்யா பாக்கல?" அவர் சட்டையையும் பிடித்துவிட்டேன்.

ஸ்பேனரை ஓங்கினார். "கைய எடுங்க. நேத்து ஒடிச்சது போதாதா?"

எடுத்தேன். வெட்கமாக இருந்தது. புது வால்வு போட்டுக் கொடுத்தார். விசில் இல்லை, நடுக்கம் இல்லை. பழையதைப் பையில் போட்டுக்கொண்டு அதே காரில் அண்ணனைச் சேர்த்திருக்கும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு.

வாசலில் அண்ணி. "இங்கிட்டு வராதீங்க தம்பி. சொல்லிட்டேன்."

"வரட்டும் விடு," உள்ளேயிருந்து அண்ணன்.

முழங்கை வரை மாவுக்கட்டு. சேவியர் சொன்னதைச் சொன்னேன். வால்வைக் காட்டினேன்.

"ஆட்டு."

அவன் காதருகே ஆட்டினேன். சத்தம் இல்லை. இன்னொரு தரம் ஆட்டச் சொன்னான்.

"இதுக்காடா?"

"இதுக்குத்தாண்ணே."

"கிட்ட வா."

குனிந்தேன். இடது கையால் ஓங்கி ஒன்று விட்டான். நர்ஸ் ஓடி வந்தார். அண்ணி தடுக்கவில்லை.

"இன்னிக்கு ஒன்பதாந்தேதி. என் நாளு. சாவிய வச்சிட்டுப் போ."

அவன் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

மே 10, ஞாயிறு

என் நாள். சாவி அண்ணனிடம். வலது காது இன்னும் கொய்யென்கிறது. போய்க் கேட்க வேண்டும். அடிப்பான்.

போகிறேன்.