ஷோபா பேரில் வாங்கிய கூழ் மெஷின்

சித்தூர்
18.6.2006

அன்பு மகள் ஷோபாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மோகன்ராஜும் பேத்தி யமுனாவும் துபாய் வெயிலில் வாடாமல் இருக்க ஏழுமலையான் துணை. இங்கே எல்லோரும் சுகம், உன் நைனாவின் கால் கட்டைவிரல் ஒன்றைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன். மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கிறது, வீடு முழுக்க ஈ.

நம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குக் கூழ் பிழியப் புது மெஷின் வாங்கினது உனக்குத் தெரியும். விலை ஒன்பது லட்சம், அதற்கு மேல் வாட் வரி மட்டும் முப்பத்தாறாயிரம். மெஷினுக்குக் கட்டிய வரியை, கூழ் விற்று நாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் நாகேந்திரன் சொன்னார். வெளி மாநிலத்தில் வாங்கினால் அந்தக் கழிவு கிடையாதாம், அதனால் கோயம்புத்தூரில் மலிவாக வந்ததை விட்டுவிட்டு நம் மாநிலத்திலேயே, ஹைதராபாத்தில் வாங்கினோம். மிச்சமாகும் பணத்தில் நீங்கள் மூன்று பேரும் வந்துபோக டிக்கெட் என்று நைனா முடிவே பண்ணிவிட்டார், ஊரெல்லாம் சொல்லியும் விட்டார்.

பில் போடும்போதுதான் புத்தி கெட்டது. நைனாவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, இரும்புச் சாமான் எதுவும் அவர் பேரில் வாங்கக்கூடாது என்று ஜோசியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் பில்லை உன் பேரில் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். போன வாரம் வரி ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். அந்த ஆபீசர் மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்ட்ரேஷன் உன் பேர்ல, கன்னையான்னு கீது, பில்லு ஷோபா பேர்ல கீது, யாருய்யா இந்த ஷோபா என்று கேட்டார். எங்க பொண்ணு சார், துபாய்ல கீறா, எனக்குச் சனி நடந்துக்கினு இருக்குது என்றார் நைனா. சனியை எழுத எங்க ஃபாரத்துல இடம் இல்லைய்யா, பில்லை மாத்திக்கினு வா, இல்லன்னா வரியை முழுசா கட்டு என்று அனுப்பிவிட்டார். நாகேந்திரன் தலையில் அடித்துக்கொண்டார். போனது வரி இல்லை, உங்கள் டிக்கெட்.

நைனா அன்றைக்கே ஹைதராபாத்துக்கு ரயில் ஏறினார். பழைய பில்லை ரத்து செய்து அவர் பேரிலேயே புதுசு வாங்கி வந்தார். வந்தவர் அதைப் படித்துக்கொண்டே நடந்து மெஷின் காலில் இடித்துக்கொண்டதில் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. சனி என்கிறார். பார்த்து நடந்தால் சனி என்ன செய்யும் என்றேன், இரண்டு நாள் என் கையால் காபி வாங்கிக் குடிக்கவில்லை. நொண்டிக்கொண்டே போய் பில்லைக் கொடுத்தார், ஆபீசர் கால் கட்டைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், கழிவை ஏற்றுக்கொண்டார்.

மாப்பிள்ளையை லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுக்கச் சொல். யமுனாவுக்கு ஜுரம் வந்தால் ஐஸ்கிரீம் கொடுக்காதே.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். என் பேரிலும் வாங்கலாம் என்றுதான் ஜோசியர் சொன்னார். கடையில் பில் எழுதுகிறவர் யார் பேர் என்று கேட்டபோது, நைனா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, ஷோபா என்றேன். நீ துபாய் போன இந்த மூன்று வருஷமாக வீட்டில் உன் பேரைச் சத்தமாகக் கூப்பிட ஆளில்லை. பில் எழுதுகிறவர் காதில் விழாமல் திருப்பிக் கேட்டார், இன்னொரு தரமும் சொன்னேன். புது பில்லில் உன் பேர் இல்லை. பரவாயில்லை, நீயே வா.

மூவருக்கும் எங்கள் ஆசி,
அம்மா சந்திரம்மா