அழிக்காமல் ஒரு கோடு

செப்டம்பர் 2, செவ்வாய்

வகுப்பு தொடங்கி இன்று ஆறாவது நாள். கணக்கில் பின்தங்கிய பதினோரு பிள்ளைகள், மாலை நாலேகால் முதல் ஐந்தேகால் வரை, பள்ளியின் பின்பக்க அறை. மின்விசிறியைப் போட்டால் சத்தம் தாங்கவில்லை, நிறுத்தினால் வெக்கை தாங்கவில்லை.

கணக்கு ஆசிரியர் வேலையை விட்டுப் போய் மூன்று மாதமாகிறது. தலைமையாசிரியை கூப்பிட்டபோது, "எனக்குப் பட்டம் இல்லைங்க"ன்னுதான் முதலில் சொன்னேன். "உங்க ரெண்டு பிள்ளைங்களுக்கும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? பட்டம் உள்ளவங்க வர்ற வரைக்கும் பாருங்க" என்றார். வீட்டில் நாத்தனார் கையைத் தட்டிச் சிரித்தாள். "என்ன அண்ணி, இனிமே நாங்கல்லாம் எந்திரிச்சு நிக்கணுமா?"

அக்டோபர் மூன்றில் தேர்வு. எழுத்துத் தேர்வோடு தலைமையாசிரியை முன்னால் பலகையில் போட்டும் காட்ட வேண்டும். தேறாதவர்கள் கீழ் வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எனக்குப் பயம் சன்னலோரத்துப் பெண்ணை நினைத்துத்தான். மற்ற பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'ரப்பர்'. எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள், மறுபடி அழிப்பாள். கடைசியில் தாள் கிழியும். ஆறு நாளில் அவள் குரல் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது. வருகை எடுக்கும்போதுகூடக் கையைத்தான் தூக்குகிறாள்.

செப்டம்பர் 4, வியாழன்

வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோரு வரி போட்டேன். வகுப்பில் யார் வாய் திறந்தாலும் அவர் வரியில் ஒரு கோடு. 'ரேடியோ'வுக்கு (அந்தப் பையனுக்குப் பொத்தான் இல்லை, நிறுத்த முடியாது) பத்தொன்பது. ஐந்து பேருக்கு ஒன்று, இரண்டு. ஐந்து பேருக்கு ஒன்றுமே இல்லை.

சரி, எனக்கு எத்தனை? எனக்கு வரியே போடவில்லையே! யோசித்துப் பார்த்தால் கேள்வியையும் நானே கேட்கிறேன், மூச்சு விடுவதற்குள் பதிலையும் நானே சொல்கிறேன். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி அப்படி என்ன அவசரம்?

இனிக் கேள்வி கேட்டதும் மனசுக்குள் பத்து முறை ஆண்டவன் பெயர். பத்தாவது முடியும்வரை வாய் திறப்பதில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

நாலாவது பெயரிலேயே வாய் திறந்துவிட்டது. ஆண்டவனே, என் நாக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள். திங்கட்கிழமை மறுபடியும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேசினாள்!

முக்காலோடு ஆறில் ஒன்றைக் கூட்டச் சொல்லிவிட்டு நின்றேன். ரேடியோவைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தேன். ஒன்பதாவது பெயரில், சன்னல் பக்கமிருந்து, தொண்டை கட்டினது போல ஒரு குரல்: "பத்துல நாலு." எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "சரி... சரி" என்று தலையாட்டினேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. வீட்டுக்குப் பத்துக் கணக்கு கொடுத்து அனுப்பினேன்.

விடை தப்புதான். போகட்டும், நாளைக்கு அதிலிருந்தே தொடங்கலாம்.

செப்டம்பர் 10, புதன்

என்ன செய்துவிட்டேன்.

பத்துக் கணக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முத்து முத்தான எழுத்து, ஒரு இடத்தில்கூட அழிக்கவில்லை. பத்தும் தப்பு. மேல் எண்ணை மேல் எண்ணோடு, கீழ் எண்ணைக் கீழ் எண்ணோடு — நேற்றுச் சொன்னாளே, அதே வழி. ரேடியோ எட்டிப் பார்த்துவிட்டு, "பத்துக்கு முட்டை!" என்று கத்தினான். அறையே சிரித்தது.

அவள் என்னைப் பார்த்து, "நேத்து சரின்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். தலையைக் கவிழ்த்தவள் மணி அடிக்கும்வரை நிமிரவில்லை.

'சரி, சொல்லு' என்கிற சரி அது. 'கேட்டுக்கிட்டேன்' என்கிற சரி. அவளுக்கு அது எப்படித் தெரியும்? வகுப்பறையில் 'சரி'க்கு ஒரே அர்த்தம்தானே. முதன்முதலாக நம்பி வாய் திறந்த பிள்ளையை நானே ஏமாத்திட்டேனே.

செப்டம்பர் 11, வியாழன்

வீட்டில் இவரிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். பிறகு, "நீ ஒரு நாளைக்கு நூறு சரி சொல்ற. புது சைக்கிள் வாங்கட்டுமான்னு கேட்டதுக்கும் சரின்னியே, அதுவும் இந்த சரிதானா?" என்றார். அதுவும் 'கேட்டுக்கிட்டேன்' என்கிற சரிதான் என்றேன். மனிதர் முகம் போன போக்கு!

வகுப்பில் முதல் வேலையாக எல்லார் முன்னாலும் சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை நடந்த தப்பு என்னோடது. 'கேக்குறேன்'னு சொல்ல வேண்டிய இடத்துல 'சரி'ன்னு சொல்லிட்டேன். இனி இந்த அறையில எனக்கு 'சரி' கிடையாது." ரேடியோவுக்கு ஒரே கொண்டாட்டம். "நீங்க மறந்து சொன்னா நான் எண்ணலாமா டீச்சர்?" எண்ணு என்றேன். மணி அடிப்பதற்குள் இருபத்துமூன்று. இதில் ஒரு நன்மை, எண்ணுகிறவனால் பேச முடியவில்லை.

ரப்பர் வரியில் கோடு இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

'சரி'க்குப் பதிலாக 'எப்படி வந்துச்சு?' என்று கேட்கலாம் என்று முடிவு செய்திருந்தேன். அவள் நோட்டில் ஒரு கணக்கு சரியாக, முழுக்கச் சரியாக இருந்தது. குனிந்து, "இது எப்படி வந்துச்சும்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். உடனே ரப்பரை எடுத்து அழித்துவிட்டாள். கைப்பிடி மணல் போல விடை போய்விட்டது.

இவள் மட்டுமில்லை, இன்னும் மூன்று பேர் அதையே செய்தார்கள். 'எப்படி' என்று கேட்டாலே தப்பு என்று இத்தனை வருஷமாகப் பழகியிருக்கிறார்கள். தப்பான இடத்தில் மட்டும் நின்று கேள்வி கேட்பவர்களைத்தானே பார்த்திருக்கிறார்கள்? நானும் வீட்டில் அப்படித்தான். சாப்பாடு நன்றாக இருந்தால் யாரும் எப்படிச் செய்தாய் என்று கேட்பதில்லை. உப்பு கூடினால்தான் விசாரணை.

ஆகவே, தப்புக்கு ஒரு 'எப்படி' என்றால் சரிக்கு மூன்று 'எப்படி'. திங்கள் முதல்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அவள் அம்மா பள்ளி வாசலில் காத்திருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை, வலது கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. "அக்கா, மறைக்காம சொல்லுங்க. இவ தேறுவாளா? கீழ் வகுப்புல போட்டா நான் நிறுத்திடுவேன். சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து அவமானப்படறதுக்கு என்கூட நின்னு துணி மடிக்கட்டும்."

"அக்டோபர் மூணு வரைக்கும் என்கிட்ட விடுங்க" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் மளிகைச் சாமான் கணக்கை எழுதும்போது ஒரு எண் தப்பிப் போயிற்று. வழக்கம்போல அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதினேன். எழுதின பிறகுதான் கை நின்றது. பத்தொன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், ஒரு நாளும் அழித்ததில்லை. அழித்தால் எங்கே தப்பினோம் என்று பிறகு எனக்கே தெரியாதே!

மாலையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். "எல்லாரும் ரப்பரை இதுல போடுங்க. அக்டோபர் மூணாம் தேதி திருப்பித் தருவேன்." வீட்டுக் கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டினேன். "தப்பா? ஒரு கோடு. அது கீழ என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அவள் மட்டும் கொடுக்கவில்லை. கையை மூடிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. பிரார்த்தனையில் மட்டும் கேட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

டப்பாவில் பதினோரு ரப்பர். யார், எப்போது போட்டதென்று நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று ஒரு புது வேலை. கேள்வியைப் பலகையில் எழுதினேன். முதலில் தனியாக இரண்டு நிமிடம், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லிய குரலில், பிறகுதான் எல்லார் முன்னாலும். அதுவும் தன் விடையைச் சொல்லக்கூடாது, பக்கத்தில் இருப்பவரின் வழியைச் சொல்ல வேண்டும். தப்பாக இருந்தாலும் தன்னுடையது இல்லையே, யாருக்கும் நாக்கு ஒட்டவில்லை.

ரப்பர் எழுந்து, 'ஒட்டகம்' என்று அவர்கள் கூப்பிடும் நெட்டைப் பையனின் வழியைச் சொன்னாள். "இவன் கீழ் எண் ரெண்டையும் பன்னெண்டா மாத்திக்கிட்டான் டீச்சர். ஏன்னா... துண்டு ஒரே அளவுல இருந்தாத்தான் எண்ண முடியும்." 'ஏன்னா' அவளுடையது. ஒட்டகம் அதைச் சொல்லவேயில்லையாம்!

அவள் வரியில் நாலு கோடு.

செப்டம்பர் 26, வெள்ளி

அவள் வரியில் ஏழு. ரேடியோவின் எண்ணிக்கையில் என் 'சரி' இரண்டு.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று பின்வாங்கினாள். பலகைக்கு வரச் சொன்னால் காலே நகரவில்லை. நோட்டில் போடுகிறவளுக்குப் பலகை என்றால் பயம். சரி, நான் தோற்றுப்போனேனா? இல்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நாளைக்கு எல்லாரையும் ஒரே நேரத்தில் பலகைக்குக் கூப்பிடுவேன். பதினோரு பேரும் இடித்துக்கொண்டு நிற்கட்டும், யாரை யார் பார்ப்பது?

அக்டோபர் 1, புதன்

நின்றாள். சாக்பீஸ் தூளில் எல்லாருக்கும் தும்மல்.

அக்டோபர் 3, வெள்ளி

எழுத்துத் தேர்வு காலையில். மதியம் தலைமையாசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை.

அவளுக்கு வந்த கணக்கு: ஆறில் ஐந்திலிருந்து நாலில் ஒன்றைக் கழி. எழுதினாள்: மேலே நாலு, கீழே இரண்டு. பழைய வழி! தலைமையாசிரியை பேனாவை எடுத்துவிட்டார். நான் ஆண்டவன் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். பத்து தாண்டி, பதினைந்து தாண்டி—

"இது ரெண்டாச்சே," என்றாள், பலகையைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணுக்கும் குறைவா இருந்ததுலேர்ந்து எடுத்தா எப்படிப் பெருசாகும்?" கையால் துடைக்கப் போனவள் நிறுத்தி, அதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் பன்னிரண்டில் பத்து, பன்னிரண்டில் மூன்று என்று எழுதிக் கழித்தாள். பன்னிரண்டில் ஏழு.

"அந்தத் தப்பை அழிச்சிடலாமே?" என்றார் தலைமையாசிரியை.

"இருக்கட்டும் மேடம். எங்க போனேன்னு தெரியணும்."

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஒன்பது பேர் தேறினார்கள். அவளுக்கு நாற்பத்தொன்று, நாற்பது இருந்தால் போதும். ஒட்டகமும் இன்னொரு பெண்ணும் தேறவில்லை. கெஞ்சி, நவம்பர் கடைசியில் மறுதேர்வுக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். இனி இரண்டு பேருக்கான வகுப்பு. ஒட்டகம் எந்தக் கேள்விக்கு வாயை மூடுகிறான் என்று புது வரி போட்டிருக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

மாலை இஸ்திரிக்காரம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்னால் மகள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? பெரிய வகுப்புக்குப் புதுசா வந்திருக்காரே கணக்கு சார், அவர் என்னைக் கூப்பிட்டு விட்டுச் சொல்றார் — உங்க பொண்ணு சும்மா இருக்க மாட்டேங்கறா, ஒரு வரி எழுதறதுக்குள்ள ஏன் ஏன்னு கேக்கறா, பாடம் நகரல, வாய் நீளம்னு. இவளுக்கா? வாயிருக்கான்னே தெரியாம வளர்த்த பிள்ளைக்கா? நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் அடக்கிச் சொல்லி வைங்க."

நாத்தனார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முதன்முறையாக அவளிடம் கிண்டல் இல்லை.

"நான் பேசறேன். நீங்க உக்காருங்க" என்று நாற்காலியைப் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்னம்மா கேட்டே?"

"பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாத் திருப்பறோம்னு கேட்டேன் டீச்சர்."

"சொன்னாரா?"

"மூணு நாளாச் சொல்லல. நாளைக்கும் கேப்பேன்."

அம்மாவிடம் சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே, அடக்கித்தான் சொன்னேன்: "கையைத் தூக்கிட்டு, அவர் எழுதி முடிச்சப்புறம் கேளு."