கொள்ளு பரப்பிய வளைவு

சேலம், குகை
ஜூன் 12, வெள்ளி

அன்பும் மரியாதையும் உள்ள குணசீலன் அண்ணனுக்கு,

அல்தாப் எழுதிக்கொள்வது. ராய்ச்சூர் வெயில் இந்நேரம் கொஞ்சம் குறைந்திருக்கும். நீங்களும் சௌந்தர்யாவும் பாப்பா கனிஷ்காவும் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். இங்கே ஜஹானாராவும் பிள்ளைகளும் சுகம். கடையில் வேலை நெருக்குகிறது. பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் வேன்காரர்கள் எல்லோருக்கும் சீட் கவர் கிழிந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

போனில் பேசாமல் இவன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். இந்த ஐந்து மாதத்தில் போனில் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். எடுத்தவுடனே நீங்கள், "ஏனுங்க பாய், சௌக்கியமுங்களா, சைக்கிள் ஓட்டறீங்களா?" என்று கேட்பீர்கள். நானும் ஆமாம் என்பேன். அதுவே பொய். ஜனவரிக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை. பொய்யில் ஆரம்பித்த பேச்சு அப்புறம் எங்கே போகும்? மழை பெய்ததா, கனிஷ்கா படிக்கிறாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படியுங்கள்.

போன திங்கட்கிழமை ரெக்சின் எடுக்க நாமக்கல் போனேன். புதுச்சத்திரத்தில் உங்கள் மஞ்சள் வேன் நின்றது. நீங்கள்தான் திரும்பி வந்துவிட்டீர்கள் என்று பைக்கை ஓரம் கட்டிவிட்டேன். உங்களுக்குப் பதிலாக ஸ்டியரிங்கில் முருகானந்தம் உட்கார்ந்திருந்தார். ஒரு சின்னப் பெண் ஏற மாட்டேன் என்று படியைப் பிடித்துக்கொண்டு அழுதது. குணா மாமா வந்தால்தான் ஏறுமாம். வேனில் வரும் ஆயாம்மா, "மாமாவுக்கு ஒடம்பு சரியில்ல கண்ணு, இனிமேலு வரமாட்டாரு" என்று தூக்கி உள்ளே வைத்தார்.

உங்களுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றுதான் நான் நம்புகிறேன் அண்ணா. அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜனவரி சைக்கிள் பந்தயத்தின் இரண்டாம் நாள் காலையிலிருந்து உங்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்கிறீர்கள். அதனால் எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று நாள் பந்தயம் இருவருக்கும் அதுதான் முதல் தடவை. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில் பதினெட்டுப் பேர். முதுகில் நம்பர் குத்த ஊக்கு போதாமல் ஜஹானாராவின் தலைத்துணி ஊக்குகளை எடுத்து வந்தேன். அதில் பாதி உங்கள் முதுகில்தான் இருந்தது. அயோத்தியாப்பட்டணத்தில் கொடி அசைத்ததும் இளவட்டங்கள் பறந்த வேகத்தைப் பார்த்து, "இவங்களுக்கு எங்கியோ பந்தி போட்டிருக்குதாட்டம் இருக்குதுங்க பாய்" என்றீர்கள். சிரிப்பில் எனக்கு மூச்சு வாங்கியது. அன்று மாலை பட்டியலில் நீங்கள் மூன்றாவது, நான் நான்காவது. இடையில் இருபத்திரண்டு நொடி.

அன்று ராத்திரி உங்கள் வீட்டில்தான் தங்கினேன். சௌந்தர்யா அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றி ஊற்றிப் போட்டார். கால் வலிக்கு நீங்கள் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தீர்கள். உங்கள் சோற்றைத் தின்றுகொண்டே அந்த இருபத்திரண்டு நொடியை எந்த இடத்தில் பிடிக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பந்தயத்தில் அப்படி நினைப்பது தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். தப்பு மறுநாள் வந்தது.

முதல் நாள் ஓட்டுவதில் பெரிய கஷ்டமில்லை. மறுநாள் காலையில் தோல் உரிந்த தொடையோடு அதே சீட்டில் மறுபடி உட்காருவதுதான் பல நாள் பந்தயம் என்று அப்போதுதான் தெரிந்தது. ராசிபுரம் தாண்டுவதற்குள் முன்கூட்டம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. பின்கூட்டமும் வெகு தூரத்தில். முள்ளுக்குறிச்சிக்கு அப்புறம் நாம் இரண்டு பேர் மட்டும்தான். எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. வழக்கம்போல ஒரு நிமிடம் நீங்கள் முன்னால், ஒரு நிமிடம் நான் முன்னால் என்று மாறி மாறி எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு போனோம். என் முறையை நான் சீக்கிரம் முடித்துக்கொண்டேன். நீங்கள் அதைக் கவனித்தும் முன்னால் வந்து காற்றைத் தாங்கினீர்கள்.

சௌந்தர்யா இதைப் படிப்பார் என்பதால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். ஒட்டிப் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது. முன்னால் போகிறவனின் முதுகுதான் தெரியும். குழி, கல், மணல் எது வந்தாலும் முன்னால் இருப்பவன் ஒரு கையை இறக்கிக் காட்ட வேண்டும், வாயாலும் கத்த வேண்டும். பின்னால் இருப்பவன் உயிரை அந்தக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஓட்டுகிறான். மூன்று வருடம் ஞாயிறுதோறும் ஓட்டியதில் நாம் இதில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

தம்மம்பட்டிக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு வளைவு வந்தது. என் முறை. வளைவு முடிகிற இடத்தில் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று பாதி ரோட்டுக்கு மேல் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். நெற்று உடைந்து கொள்ளு தார்மேல் உருண்டு கிடந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது அண்ணா. வலது ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு வெறும் தார் இருந்தது. அதில் வண்டியை விட்டேன். கையைக் காட்டவில்லை. கத்தவும் இல்லை.

களைப்பில் கை எடுக்க முடியவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. நீங்கள் கடைசி நொடியில் கொள்ளைப் பார்த்துப் பதறிப் பிரேக் பிடிப்பீர்கள், என்னை விட்டுப் பத்தடி பின்தங்குவீர்கள், அந்தக் காற்றில் தனியாக ஓட்டினால் இருபத்திரண்டு நொடி கரைந்துவிடும் என்று நினைத்தேன். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நினைத்தேன். நீங்கள் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ரோட்டோரம் ஒருக்களித்துக் கிடந்தீர்கள். கால் அசைந்தது. பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறதே என்று சொல்லிக்கொண்டு மிதித்தேன். அந்த நான்கு கிலோமீட்டரை என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் ஓட்டியதில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்தபோது ரோடு சுத்தமாக இருந்ததாம். ஒரு காரணமும் இல்லாமல் ஆள் விழுந்து கிடக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் வீட்டு ஆட்களை விசாரித்தார். சௌந்தர்யா பாவம், பயத்தில், "எங்க மாமனாருக்கு வலிப்பு வருமுங்க" என்று சொன்னார். டாக்டர் அடுத்து என்னிடம் திரும்பி, கூடவே இருந்தீர்களே, எப்படி விழுந்தார், கை கால் வெட்டி இழுத்ததா என்று கேட்டார். நான் முன்னால் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்றேன். டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டான், அவர் தெரிந்ததை வைத்து வலிப்பு மாத்திரை எழுதினார், வண்டி ஓட்டக்கூடாது என்றார்.

மூன்றாம் நாளும் நான் ஓட்டினேன். உங்கள் இடம் எனக்கு வந்தது. கடைத்தெருக்காரர்கள் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஜும்மா தொழுதுவிட்டு வந்தவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். அடுத்த வாரம் நீங்கள் தையல் போட்ட தலையோடு கடைக்கு வந்து அந்த ஃபிளெக்ஸைப் பார்த்து சந்தோஷப்பட்டீர்கள். பிறகு வேன் சாவியை முருகானந்தத்திடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். "என்னை நம்பி முப்பது புள்ளைங்கள எப்படிங்க பாய் ஏத்தறது? பாதி வழியில இழுத்துக்கிச்சுன்னா?" என்று கண் கலங்கினீர்கள். நான் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நோன்பு மாதம் முழுக்கச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பெருநாள் கழிந்தது. நீங்கள் மச்சானின் போர்வெல் ரிக் ஆபீசில் போன் எடுக்கிற வேலைக்கு ராய்ச்சூர் கிளம்பினீர்கள். பஸ் ஏற்றிவிட வந்தவனும் நான்தான்.

ஏப்ரலில் அந்த வளைவுக்குத் தனியாகப் போனேன். உள்ளதைச் சொல்கிறேன், பழியைப் போட ஓர் ஆள் கிடைக்குமா என்று தேடித்தான் போனேன். ரோட்டை ஒட்டிய கொள்ளுக்காடு ராமாயி என்ற அக்காவுடையது. கேட்டவுடன் கும்பிட்டுவிட்டார். உங்களை நிழலுக்கு இழுத்துப் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தது அவர்தானாம். "போலீசு கேசாயிருமுன்னு பயந்து அத்தனையும் கூட்டி வாரி ஒளிச்சுட்டமுங்க சாமி. அந்த மனுசன் உசுரோட இருக்காருங்களா?" என்று அழுதார். இருக்கிறார் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முன்னால போனவரு எங்க கொள்ளப் பாத்து ஒதுங்கித்தானுங்க போனாரு. ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். அவருக்கு என்னா அவசரமோ" என்றார். ஹெல்மெட்டும் கண்ணாடியும் இல்லாததால் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

வேனைப் பார்த்த அன்று ஜஹானாராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாராவாரம் சௌந்தர்யாவோடு போனில் பேசுகிறவள் அவள். சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, "அந்தப் புள்ளகிட்ட இனிமே நான் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுவேன்?" என்று கேட்டாள். தட்டில் சோறு போட்டுவிட்டு எழுந்து போனாள். இந்த வாரம் அவள் போன் செய்யாதது அதனால்தான், சௌந்தர்யா வருத்தப்பட வேண்டாம்.

மறுநாளே மறுபடி ராமாயி அக்காவிடம் போய், முன்னால் போனவன் நான்தான் என்று சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்துடன் தனித்தாளில் நடந்ததை மட்டும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ரோட்டில் கொள்ளு கிடந்தது, வண்டி சறுக்கித்தான் விழுந்தார், கை கால் இழுத்ததை யாரும் பார்க்கவில்லை. அந்தத் தாளை டாக்டரிடம் கொடுங்கள். என் நம்பரும் அதில் இருக்கிறது. அவர் எங்கே வரச் சொன்னாலும் வந்து, அன்று சொன்னது பொய் என்று உங்கள் எதிரிலேயே சொல்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்லட்டும். பந்தயம் நடத்தியவர்களுக்கும் எழுதிவிட்டேன்.

இவ்வளவு நீளத்துக்கு எழுதியும் மன்னித்துவிடுங்கள் என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான். கேட்டால், "அட உடுங்க பாய்" என்று ஒரே பேச்சில் கொடுத்துவிடுவீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும். அன்று கொள்ளைப் பார்த்தபோதும் அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நீங்களும் சௌந்தர்யாவும் பாப்பாவும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் பேரில் உங்களுக்கு இருந்த நம்பிக்கையை அல்லாஹ் உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். ஊருக்கு வந்துவிடுங்கள் அண்ணா. என் கடைப்பக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, ஊருக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அல்தாப்