வீட்டுக்கு வந்தவன்

மசத்லான்,
3 மார்ச் 1974

அன்புள்ள எலிசேயோ,

நாங்கள் நலம். நீயும் அப்படித்தானே? திருவிழா முடிந்து வெளியூர்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். ஓட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து எனக்குக் கைத்தோல் உரிகிறது.

மூன்று வருஷமாக "அடுத்த கப்பலில் வருகிறேன்" என்றே எழுதுகிறாய். மினர்வாவுக்கு அப்பா முகமே மறந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காதே. செவ்வாய்க்கிழமை ஊருக்கு வந்தாயா? கடலில் குளிக்கிற கூட்டத்துக்கு நடுவே, இடுப்பளவுத் தண்ணீரில் சட்டையோடு நின்று என்னையே பார்த்தாய். கூப்பிட்டேன். ஓர் அலை வந்தது. அப்புறம் காணோம்.

உன் கசில்டா

என்செனாடா,
11 மார்ச்

என் கண்ணே கசில்டா,

நான் இங்கே கப்பல் பட்டறையில்தான் கிடக்கிறேன். இந்தச் சப்பை மூக்கோடு மசத்லானில் ஆயிரம் பேர் திரிவார்கள்! திருவிழாவில் நீ கொஞ்சம் ஊற்றிக்கொண்டாயோ? கோடைக்குள் கட்டாயம் வருகிறேன். குழந்தைக்கு முத்தம்.

எலிசேயோ

மசத்லான்,
2 ஏப்ரல்

எலிசேயோ,

அவன் வீட்டுக்கே வந்துவிட்டான். சொட்டச் சொட்ட வாசலில் நின்று, "கசில்டா, பசிக்குது. என்ன வெச்சிருக்கே?" என்றான். உன் குரல். தாடையில் உன் தழும்பு.

"யாருய்யா நீ?" என்று கத்தினேன்.

"வேற யாரை எதிர்பார்த்தே?" என்று சிரித்தான்.

அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறான். அவன் சட்டை காய்வதே இல்லை. உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது. அவன் தூங்கும்போது மார்பில் காது வைத்துக் கேட்டேன். உள்ளே அலைதான் அடிக்கிறது.

பயமாக இருக்கிறது. உடனே புறப்பட்டு வா.

கசில்டா

என்செனாடா,
12 ஏப்ரல்

கசில்டா,

அவனை வெளியே தள்ளு! போலீசைக் கூப்பிடு. குழந்தையை அவன் பக்கத்தில் விடாதே. கையில் ஒரு கப்பல் வேலை இருக்கிறது. முடிந்ததும் வந்துவிடுகிறேன்.

எலிசேயோ

மசத்லான்,
9 ஜூன்

ஐயா,

நேற்று மாலை எங்கள் வாசலில் பெட்டியோடு நின்றது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாய் விடாமல் குரைத்தது. "அப்பா, வெளியில யாரோ நிக்கிறாங்க" என்றாள் மினர்வா. அவர் எழுந்து வரப் பார்த்தார். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

என் வீட்டுக்காரர் இப்போது வீட்டோடு இருக்கிறார். குழந்தையைப் பள்ளிக்கு அவர்தான் கூட்டிப்போகிறார்.

தூரத்திலிருந்து வந்திருப்பீர்கள், பாவம். ஆனாலும் இனி வர வேண்டாம். முன்பின் தெரியாதவர் நின்றால் குழந்தை பயப்படுகிறாள்.

இப்படிக்கு,
எலிசேயோவின் மனைவி